பத்து மில்லி போனால்தான் கல்ச்சர்: வேலூர் வட்டார ரத்தக் கல்ச்சர் சேவை, ஒரு மதிப்பீடு

காட்பாடியில் கேளுங்கள், ஆற்காட்டில் கேளுங்கள், ஆம்பூரில் கேளுங்கள். ஓரளவு பெரிய லேப் எதுவானாலும் "பிளட் கல்ச்சர் பண்றோம்" என்றுதான் பதில் வரும். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று அதை வளர்த்துப் பார்க்கும் சோதனை அது. அந்த ஒரு பதிலுக்குள் மூன்று வேறு சேவைகள் ஒளிந்திருக்கின்றன. ரத்தம் எடுத்த கட்டடத்திலேயே தானியங்கி இயந்திரம் இருந்து, பாட்டில் நேரே அதற்குள் போவது ஒரு வகை. ரத்தத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, பாட்டிலைச் சென்னைக்கோ வேறு ஊருக்கோ அனுப்பிவிடுவது இன்னொரு வகை. மூன்றாவது பழைய முறை: ஊட்டக் கரைசல் நிரப்பிய பாட்டிலில் ரத்தத்தைவிட்டு, கலங்குகிறதா என்று தினமும் கண்ணால் பார்ப்பது. ரசீதில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்.

நாலு நாள் காய்ச்சலுக்கு எடுக்கிற கல்ச்சர் என்றால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமலே போகலாம். இந்த மதிப்பீடு அதற்காக அல்ல. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரிலோ, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள்ளோ பாக்டீரியா குடியேறியிருக்கிறது என்ற சந்தேகம் வந்த நோயாளியின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது. அங்கே எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற ஒரே தகவலை நம்பி ஆறு வாரமோ அதற்கு மேலோ நரம்பு வழி மருந்து போகப்போகிறது. கிருமியின் பெயர் கிடைக்காவிட்டால் மூன்று மருந்துகளைக் கலந்து குருட்டாம்போக்கில் கொடுக்க வேண்டிவரும். சிறுநீரகம் அதற்கு விலை கொடுக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இயந்திரம் கட்டடத்துக்குள்ளேயே இருந்து, இரவிலும் பாட்டிலை ஏற்றிக்கொள்ளும் இடம் என்றால் தயங்காமல் எடுங்கள். வெளியூருக்கு அனுப்பும் இடம் என்றால், எத்தனை மணிக்கு வண்டி கிளம்புகிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள். கண்ணால் பார்க்கும் முறை இந்த நோய்க்குப் போதாது. இயந்திரம் எந்தக் கம்பெனியுடையது என்பது இவற்றைவிடச் சின்ன விஷயம்.

பாட்டிலும் அதற்குள் போக வேண்டிய அளவும்

இயந்திரங்களில் பரவலாகக் காணப்படுபவை பாக்டெக், பாக்ட்அலர்ட் என்ற இரண்டு. இரண்டிலும் பாட்டில் ஜோடியாக வரும்: காற்றில் வளரும் கிருமிக்கு ஒன்று, காற்றில்லாமல் வளர்வதற்கு ஒன்று. கிருமி வளர்ந்தால் கரியமில வாயு வெளிவரும். பாட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் வட்டு அதை உணரும். பாக்ட்அலர்ட் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்த வட்டு நீலப்பச்சையாக இருக்கும், வளர்ச்சி வந்தால் மஞ்சளாகும். பாக்டெக்கில் ஒளிரும் தன்மை மாறும். அது கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்கு மட்டும் தெரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயந்திரம் ஒவ்வொரு பாட்டிலையும் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்தப் பகுதியில் இரண்டுக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை முழுக்க ரத்தத்தின் அளவில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. ஜோடிக்கு 20. பெருந்தமனித் தொற்று என்ற சந்தேகம் இருந்தால் மூன்று ஜோடி, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தி, வெவ்வேறு இடத்தில் எடுத்தது. ஆக மொத்தம் 60 மில்லி. நடைமுறையில் பல இடங்களில் 5 மில்லி சிரிஞ்சில் எடுத்து, இரண்டு பாட்டிலுக்கும் இரண்டரை இரண்டரையாகப் பிரித்துவிடுகிறார்கள். பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு பாக்டீரியாவுக்கும் குறைவாக ஓடுவது சாதாரணம். இரண்டரை மில்லியில் அது சிக்காமல் போவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. ரிப்போர்ட்டில் வரப்போவது 'வளர்ச்சி இல்லை' என்ற வரிதான், 'ரத்தம் போதவில்லை' என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

"இவ்ளோ ரத்தமா எடுப்பீங்க, அவங்களே வாடிப்போய்க் கிடக்காங்க" என்று வீட்டார் பதறுவது இயல்பு. ரத்த தானத்தில் ஒரே தடவை எடுப்பது 350 மில்லி. இது அதில் ஆறில் ஒரு பங்கு. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எடையைப் பார்த்து அளவைக் குறைப்பார்கள், அதற்கென்று தனிப் பாட்டிலும் உண்டு.

பாட்டிலின் லேபிளில் பக்கவாட்டில் சின்னக் கோடுகள் இருக்கும். ரத்தம் விடுவதற்கு முன் கரைசல் மட்டத்திலிருந்து 10 மில்லி மேலே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளும் ஊழியர் இருக்கும் லேபை நம்பலாம். பாட்டிலுக்குள் வெற்றிடம் இருப்பதால் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போகும். கோடு இல்லாவிட்டால் 15 மில்லிகூடப் போய்விடும். அளவுக்கு மேல் போனால் வெள்ளணுக்களின் மூச்சே கரியமில வாயுவைக் கூட்டி, கிருமி இல்லாமலே இயந்திரம் மணியடிக்கும். பார்கோடின் மேல் பெயர்ச் சீட்டை ஒட்டிவிடுவது இன்னொரு சில்லறைத் தவறு. இயந்திரத்தில் ஏற்றுபவருக்குத் தலைவலி.

குத்தும் இடத்தில் நடப்பது

லேபின் தரத்தை அங்கே தொங்கும் சான்றிதழை வைத்து அளக்க வேண்டாம். சிஸ்டரின் சுட்டுவிரலைப் பாருங்கள். தோலை 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் 30 வினாடி தேய்த்து, தானாகக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு நரம்பு எங்கே என்று அந்த விரல் மறுபடியும் அங்கே தொட்டுப் பார்த்தால், செய்த சுத்தம் அத்தனையும் வீண். நரம்பைத் தடவிப் பார்ப்பதெல்லாம் தேய்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பீட்டாடின் போட்டால் இன்னும் கூடுதல் நேரம், ஒன்றரை இரண்டு நிமிடம் காய வேண்டும். பஞ்சால் துடைத்து அவசரப்படுத்தக் கூடாது.

பாட்டில் மூடியைக் கழற்றினால் உள்ளே தெரியும் ரப்பர் பளபளப்பாக இருக்கும், ஆனால் அது கிருமி நீக்கம் செய்யப்பட்டதல்ல. அதையும் ஆல்கஹால் பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும். பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் குழாயில் இருக்கும் காற்று முதலில் போகும் என்பதால் காற்றுப் பாட்டில் முதலில்; சிரிஞ்சில் எடுத்தால் காற்றில்லாப் பாட்டில் முதலில். ரத்தம் குறைவாகத்தான் வந்தது என்றால் காற்றுப் பாட்டிலுக்கு முதல் பங்கு. சர்க்கரை, யூரியா குழாய்கள் எல்லாம் கல்ச்சர் பாட்டிலுக்குப் பிறகுதான். ஏற்கெனவே கையில் இருக்கும் டிரிப் ஊசி வழியாக எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "ஒரு தடவை குத்தினது போதுமே" என்று நாம் கெஞ்சுவதால்தான் பல இடங்களில் அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் ஏறும் நேரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தமனிச் சுவரில் குடியிருக்கும் கிருமி ரத்தத்தில் விடாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். மூன்று ஜோடியிலும் ஒரே கிருமி வளர்ந்தால், அது ரத்தக் குழாய்க்குள்ளேயோ இதய வால்விலோ இருக்கிறது என்பதற்கு அதுவே ஒரு தடயம். அடுத்து வால்வுக்கு எக்கோவும், தமனிக்குச் சிடி ஆஞ்சியோகிராமும் வேண்டும்.

முதல் ஊசியும் முதல் பாட்டிலும்

இந்த வட்டாரத்தில் கல்ச்சரைக் கெடுப்பதில் முதலிடம் லேபுக்கு அல்ல, அதற்கு முந்தைய நாள் போட்ட செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்கு. காய்ச்சல் என்று போனதும் ஒரு ஊசி, நான்கு நாள் மாத்திரை, இறங்காவிட்டால் வேறு மாத்திரை. ரத்தத்தில் ஓடும் கிருமி தற்காலிகமாகக் குறையும். தமனிச் சுவரில் இருப்பது அப்படியே இருக்கும். மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் ரெசின் மணிகள் சில பாட்டில்களில் உண்டு. ஓரளவுக்கு உதவும், முழுக்க ஈடுகட்டாது. எனவே மருந்து தொடங்கும் முன் எடுத்துவிடுவதே சரி. அதே சமயம் ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. கைதேர்ந்தவருக்கு இரண்டு ஜோடி எடுக்கப் பத்து நிமிடம் போதும்.

இதே காய்ச்சலுக்கு மலிவாகக் கிடைக்கும் மாற்று, டைபாய்டைத் தேடும் ரத்தப் பரிசோதனையான வைடால். ஒரே ஒரு தடவை எடுத்த வைடால் இந்த நோயாளிக்குப் பயன்படாது என்பது எங்கள் உறுதியான கருத்து. டைபாய்டு பரவலாக இருக்கும் ஊரில், பழைய தொற்றின் எதிர்ப்பொருளே (ஆன்டிபாடி) அதில் ஏறித் தெரியும். 'டைபாய்டு' என்று எழுதி ஒரு வார மாத்திரையில் அனுப்பிவிடுவார்கள். சால்மோனெல்லா குடும்பத்துக்குப் பெருந்தமனியில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு: கொழுப்பு படிந்து கரடுதட்டிய உட்சுவரில் அது எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வயது தாண்டியவர், சர்க்கரையோ புகைப்பழக்கமோ உள்ளவர், ரத்தத்தில் சால்மோனெல்லா, கூடவே முதுகிலோ வயிற்றிலோ விடாத வலி என்றால், அடுத்த அடி சிடிதான். தமனியின் ஒரு பக்கம் பை போல வீங்கியிருப்பதும், சுற்றிலும் கொழுப்புத் திசு கலங்கியிருப்பதும், சில நாட்களிலேயே அந்த வீக்கம் பெரிதாவதும் தொற்றின் அடையாளங்கள். அது வெடித்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிடும்.

சிடி ரிப்போர்ட்டில் 'மைக்காட்டிக் அனியூரிசம்' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லுக்குப் பூஞ்சை என்று பொருள் வருவதால் பூஞ்சைத் தொற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1885இல் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வீக்கத்தின் காளான் போன்ற தோற்றத்தை வைத்துச் சொன்னது. இன்றுவரை பெயர் மாறவில்லை. பெரும்பாலும் காரணம் பாக்டீரியாதான்: சால்மோனெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நிமோனியா கிருமி.

வெயிலும் வண்டியும்

ஆம்பூரில் காலை பத்து மணிக்கு எடுத்த பாட்டில், மாலை வண்டியில் வேலூருக்கு வந்து, இரவு முழுக்க மேசையில் இருந்து, மறுநாள் காலை இயந்திரத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். பாட்டிலுக்கு அது 20 மணி நேரப் பயணம். எடுத்து 2 மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் இருப்பது நல்லது. மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது. பைக்கின் பெட்டிக்குள் கிருமி தானாகவே வளர்ந்து, உச்சத்தைத் தொட்டு, ஓய்ந்தும்விடும். இயந்திரம் பார்ப்பது வளர்ச்சியின் மாற்றத்தை. ஏறும்போதே எல்லாம் முடிந்திருந்தால் அதற்கு மாற்றம் எதுவும் தெரியாது; பாட்டில் நிறையக் கிருமி இருக்கும்போதே 'இல்லை' என்று எழுதும். இதற்குப் பயந்து ஃபிரிட்ஜில் வைப்பது அதைவிட மோசம், குளிரில் சில கிருமிகள் செத்துவிடும். அறை வெப்பநிலையில், வெயில் படாமல், நேரே கொண்டுவருவதுதான் வழி. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவைகளை இந்த ஒரு சோதனைக்கு நாங்கள் பரிந்துரைக்கவில்லை. நான்கு வீடு சுற்றிவிட்டுத்தான் அந்தப் பை லேபுக்குப் போகும்.

ரிப்போர்ட் வரும் விதம்

உண்மையான கிருமி பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மணியடித்துவிடும். அந்த நிமிடமே கிராம் சாயம் (கிருமி எந்த வகை என்று நுண்ணோக்கியில் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்து வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் லேப் நல்ல லேப். கிருமியின் பெயரும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற மருந்துப் பட்டியலும் வர அதற்கு மேல் ஓரிரு நாள். ஒன்றும் வளராவிட்டால் ஐந்தாம் நாள் இறுதி ரிப்போர்ட். '48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை' என்பது இடைக்கால ரிப்போர்ட்தான். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

ஆறு பாட்டிலில் ஒன்றில் மட்டும் தோல் வகை ஸ்டெஃபிலோகாக்கஸ் வந்தால் அநேகமாக அது குத்தும்போது ஒட்டிக்கொண்டது. செயற்கை வால்வோ தமனியில் கிராஃப்டோ (செயற்கைக் குழாய்) வைத்தவருக்கு மட்டும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தோல் கலப்படம் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். தன் கணக்கு எத்தனை என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிந்த லேபுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

வட ஆற்காட்டில் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிப்பவர் ஒரு கிருமியை மனத்தில் வைத்திருக்க வேண்டும்: பர்கோல்டேரியா சூடோமாலி, மெலியாய்டோசிஸ் நோயின் காரணி. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. சர்க்கரை உள்ள, வயலில் இறங்கும் ஆட்களை மழைக்காலத்தில் பிடிக்கும். தமனிச் சுவரையும் தாக்கும், இதய உறைக்குள்ளும் போகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யிலிருந்து இதைப் பற்றி நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நம் மண்ணில் இருக்கும் நோய்தான். பழகாத லேப் இதைச் 'சூடோமோனாஸ்' என்று எழுதிவிடும், அல்லது கலப்படம் என்று தூக்கிப்போட்டுவிடும். மருந்துப் பட்டியலில் ஒரு விசித்திரம் காட்டிக்கொடுக்கும்: ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் மசியாது, ஆனால் சாதாரண அமாக்சிசிலின் கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படும். அப்படி ஒரு 'சூடோமோனாஸ்' வந்தால் லேபைக் கூப்பிட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தே வேறு: முதலில் செஃப்டாசிடிமோ மெரோபெனமோ, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

ஆடு மாடு வளர்ப்பவர், இறைச்சி வெட்டுபவர், பச்சைப் பால் குடிப்பவர் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள். புரூசெல்லா வளரக்கூடும், லேபில் இருப்பவர்களுக்கே தொற்றும் கிருமி அது, முன்கூட்டியே தெரிந்தால் பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்துக் கையாள்வார்கள். இந்தப் பக்கம் நிறையவே காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்) இந்தப் பாட்டில்களில் வளரவே வளராது, அதற்கு வேறு சோதனை.

இதய உறையிலிருந்து எடுத்த நீர்

நல்ல நிலையில் அந்த உறைக்குள் 15 முதல் 50 மில்லி நீர்தான் இருக்கும். வேகமாகச் சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை நெருக்கிவிடும்: கழுத்து நரம்பு புடைக்கும், அழுத்தம் விழும், மூச்சை இழுக்கும்போது நாடி மெலியும். அப்போது எக்கோ பார்த்தபடி ஊசி போட்டு, பன்றிவால் போல் சுருண்ட 6 முதல் 8 ஃபிரெஞ்ச் (இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்) அளவுக் குழாயை விட்டு இறக்குவார்கள். உயிர் காப்பதற்காகச் செய்வது, சோதனைக்காக அல்ல. ஆனால் எடுத்த நீரை எதில் போடுகிறார்கள் என்பதில்தான் இந்தச் சேவை இன்னும் தேற வேண்டியிருக்கிறது. மொத்தத்தையும் ஒரே சிரிஞ்சில் வைத்து மூடி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. செய்ய வேண்டியது: 10 மில்லி வீதம் இரண்டு கல்ச்சர் பாட்டிலிலும் படுக்கைப் பக்கத்திலேயே விடுவது, அணுக் கணக்குக்கு ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், மீதியைக் கிருமி நீக்கிய டப்பாவில் கிராம் சாயம், சர்க்கரை, ஏடிஏ (காசநோயில் ஏறும் ஒரு நொதி), ஜீன்எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), காசநோய்க் கல்ச்சர், செல் பரிசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து. உடனே ரத்தக் கல்ச்சரும் ஒரு ஜோடி.

நம் நாட்டில் இங்கே முதல் சந்தேகம் காசநோய். ஏடிஏ 40க்கு மேல் என்றால் அந்தப் பக்கம் சாயும். ஆனால் சீழ் நிறைந்த சாதாரண பாக்டீரியாத் தொற்றிலும் ஏடிஏ ஏறும். அணுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல் காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டால், சீழ் அப்படியே உள்ளே தங்கிவிடும். ஜீன்எக்ஸ்பர்ட்டில் 'இல்லை' என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகாது, திரவக் கல்ச்சர் முடிய 42 நாள் ஆகும். அரசின் காசநோய்த் திட்டத்தில் ஜீன்எக்ஸ்பர்ட் இலவசம் என்பதால் செலவைச் சொல்லி அதை விட்டுவிட வேண்டியதில்லை. நீர் சாக்லேட் நிறத்தில் வந்து எந்தக் கல்ச்சரும் வளராவிட்டால் கல்லீரலை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இடது மடலில் இருந்த அமீபாக் கட்டி உறைக்குள் உடைந்திருக்கலாம். கெட்டியான சீழ் என்றால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். அப்போது அறுவை சிகிச்சையில் உறையில் ஒரு சன்னல் வெட்டி இறக்க வேண்டியிருக்கும்.

பெருந்தமனியில் அறுவை செய்து அழுகிய சுவரை வெட்டி எடுத்தாலும் இதே கவனம் வேண்டும். வெட்டிய துண்டு முழுவதையும் பழக்கத்தில், திசுவைக் கெடாமல் வைக்கும் ரசாயனமான ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலினில் விழுந்த துண்டில் எந்தக் கிருமியும் வளராது. பாதி ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு, பாதி வெறும் கிருமி நீக்கிய டப்பாவில் கல்ச்சருக்கு என்று முந்தைய நாளே அறுவை அரங்கில் சொல்லிவைக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் தடவி எடுப்பது துண்டுக்கு ஈடாகாது.

மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் மறுபடியும் ரத்தக் கல்ச்சர் எடுத்து, கிருமி வருவது நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் நின்றது தெரியும்வரை திரும்பத் திரும்ப. காந்தி ரோடு லாட்ஜ்களில் அறை எடுத்துத் தங்கி மருத்துவம் பார்க்கும் வெளியூர்க் குடும்பங்கள் இந்த மறு கல்ச்சருக்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆறு வார மருந்தின் நடுவே மீண்டும் காய்ச்சல் வந்தால், புதிதாக வருவதோடு ஒப்பிட, முதலில் வளர்ந்த கிருமியே தேவைப்படும். பல லேப்கள் ரிப்போர்ட் கொடுத்ததும் கிருமி வளர்ந்த தட்டைத் தூக்கி எறிந்துவிடும். வளர்ந்த கிருமியைச் சிகிச்சை முடியும்வரை உறைநிலையில் வைத்திருங்கள் என்று, ரிப்போர்ட் வாங்கும் அன்றே லேப் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.